கிண்ணத்தில் உதடு வைத்த நாள்

அவையை அன்பால் ஆளுகின்ற தலைவர் விஜிதரன் அவர்களே! அருகில் அமர்ந்து, கஜானி எப்போது பேசி முடிப்பாள் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட போதகர் மத்தேயு ஐயா அவர்களே! வாவியில் வலை இழுத்த ஈரம் காயாமல் வந்து வாசலோரம் நிற்கின்ற பெரியோரே! வயல் வட்டையில் வேலை விட்டு, வீட்டில் சமையல் விட்டு, என் சொல் கேட்க வந்து சோர்வில்லாமல் அமர்ந்திருக்கின்ற தாய்மாரே! பனிச்சங்கேணியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த உறவுகளே! பின்வரிசையில் கைத்தொலைபேசியும் கையுமாய் இருக்கின்ற, என்னிடம் படித்த, என்னிடம் அடி வாங்கிய பிள்ளைகளே! பெரியகல்லாற்றில் பிறந்து, களுதாவளையில் பத்தொன்பது ஆண்டு தமிழ் படிப்பித்து, இன்னும் தமிழைப் படித்து முடிக்காத இந்தக் கஜானி ரீச்சரின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகட்டும்.

வாசகர் வட்டத்தார் என்னை அழைத்தார்கள். "ரீச்சர், ஆசிரியர் பயிற்சிக்கெண்டு ஏழு கிழமை ஜப்பானில இருந்துபோட்டு வந்திருக்கிறீங்க. அங்க கண்ட அதிசயத்தில ஒண்டைப் பேசுங்க" என்றார்கள். எதைப் பேசுவேன்? கண்ணிமைக்கும் முன் கடந்து போகும் ரயிலைப் பேசவா? கால் வைத்தால் பாட்டுப் பாடும் குளியலறையைப் பேசவா? அவையெல்லாம் கண்டேன், கண்டு சிரித்தேன், சிரித்து மறந்தேன். மறக்க முடியாதது ஒன்று உண்டு. அது மண்ணால் ஆனது, ஒரு மண் கிண்ணம்!

அந்தத் தம்பி சிரிக்கிறார். சிரியுங்கள் தம்பி, நானும் முதலில் சிரித்தவள்தான். ஆனால் சபையோரே, அந்தக் கிண்ணத்தில் ஊற்றிய கடைசித் தேநீர் என் கையில் தரப்பட்டது. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெருமையின் கடைசி நாள் என் கையில் தரப்பட்டது. அதை நான் கெடுத்தேன். எப்படிக் கெடுத்தேன், கெடுத்தபின் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் தங்கியிருந்த வீடு கிதாமுரா என்ற அம்மையாருடையது. என் வயதுதான், ஐம்பத்திரண்டு. தொழில் பல் வைத்தியம். எனக்கு ஜப்பான் மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் இருவருக்கும் இடையில் பாலமாக வந்து வாய்த்தவர் காத்தான்குடி சரீப். பழைய வாகனங்களை வாங்கிக் கப்பலில் ஏற்றுவது அவர் வேலை. இருபது ஆண்டாக அங்கே வாழ்கிறார். ஆனாலும் வாயைத் திறந்தால் காத்தான்குடிச் சந்தைதான்.

ஒரு சனிக்கிழமை காலை, அம்மையார் எங்களைத் தேநீர் விருந்துக்கு அழைத்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னஞ்சிறு அறை. அதற்கு வாசல் எவ்வளவு உயரம் தெரியுமா? நம் வீட்டு ஆட்டுக்குட்டி குனிந்து போகிற உயரம்! மந்திரி வந்தாலும் முழந்தாளில் தவழ்ந்துதான் போகவேண்டும். மன்னன் வந்தாலும் வாளை வெளியே வைத்துவிட்டுத் தவழ்ந்துதான் போகவேண்டும். நம் சரீப் வந்தால்? வயிறு முதலில் போய், மறுகா தலை போய், கடைசியில் நான் பின்னால் நின்று தள்ளவேண்டியதாயிற்று. உள்ளே பாய் விரித்த தரை, கொதிக்கின்ற கேத்தல், ஒற்றைப் பூ. பேச்சே இல்லை.

அம்மையார் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே இன்னொரு பெட்டி. அதற்குள் ஒரு பட்டுப்பை. பையின் முடிச்சை அவர் அவிழ்த்த அழகைப் பார்த்து நான் நினைத்தேன், பொன் வரப்போகிறது, மணி வரப்போகிறது, குறைந்தது ஒரு வைரமாவது வரப்போகிறது என்று. வந்தது என்ன? கஞ்சி குடிக்கிற மாதிரி ஒரு கிண்ணம்!

நிறம், மழை பட்ட வைக்கோலின் நிறம். வாய், வட்டம்தான், ஆனால் ஒரு பக்கம் சற்றே தாழ்ந்த வட்டம். சக்கரம் சுழன்றபோது பதிந்த விரல்தடம் உடம்பெல்லாம் ஓடியது. அடியிலே, கிண்ணம் நிற்கின்ற வளையத்தைச் சுற்றி, பூசிய மெருகு சூளையிலே சரியாக உருகாமல் குறுணி குறுணியாகத் திரண்டு நின்றது. நம்மூர்ச் சந்தையில் இருந்திருந்தால் நீங்கள் வாங்கியிருப்பீர்களா அம்மா? "இது சரியா வேகல்ல, வேற ஒண்டு காட்டு" என்று தள்ளியிருப்பீர்கள். அந்தத் தவறைத்தான் அங்கே தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்தக் குறுணியைப் பார்க்கவென்றே கிண்ணத்தைக் கவிழ்த்து, குனிந்து, மூச்சை அடக்கிப் பார்க்கிறார்கள்.

ஏன்? யார் செய்த கிண்ணம் அது? நானூறு ஆண்டுக்கு முன்னே, கொரியாவில், பெயர் தெரியாத ஒரு குயவர் வனைந்தது. எதற்கு வனைந்தார்? சோறுண்ண என்பார் சிலர். சாமிக்குப் படைக்க என்பார் சிலர். அறிந்தவர்கள் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்று மட்டும் உறுதி. ஒரு நாளைக்கு ஐம்பதோ நூறோ வனைந்த அந்த மனிதர், இதை ஒரு அற்புதமென்று எண்ணி வனையவில்லை. வேலையென்று வனைந்தார், வெயில் ஏறுமுன் வனைந்தார், வனைந்துவிட்டு அடுத்ததற்கு மண் எடுத்தார். அது கடல் கடந்தது. ஜப்பானிலே தேநீரின் சுவையறிந்தவர்கள், பளபளத்த சீனக் கிண்ணங்களை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தப் பகட்டில்லாத கொரியக் கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தினார்கள். ஏந்தியவர்கள் அதற்கொரு பெயரும் வைத்தார்கள். "அசனகி" என்பது அந்தப் பெயர். விடியற்காலையிலே காற்று விழுந்து, கடல் அசையாமல் கிடக்கிற நேரம் என்று பொருள். சரீப் அதை விளக்கப் பாடுபட்டார். வாவிக்கரையில் பிறந்த எனக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை என்றேன்.

சபையோரே, அதைக் கையில் வாங்கினேன். என்ன பாரம் என்று நினைக்கிறீர்கள்? பாரமே இல்லை! மண்ணுக்கு இவ்வளவு மென்மை உண்டா? நெருப்பில் வெந்த ஒன்றுக்கு இவ்வளவு குளிர்ச்சி உண்டா? என் பெருவிரல் போய் நின்ற இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அந்தக் குயவரின் விரல் இருந்த இடம் அது. நானூறு ஆண்டுக்கு முன் ஒரு மனிதர் விரல் வைத்த இடத்தில் என் விரல் இருந்தது. எனக்கு மேனி சிலிர்த்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகையும் வந்தது.

விலை என்னவென்று அங்கிருந்து ஒருவர் கேட்கிறார். நானும் கேட்டேன் ஐயா. "டீச்சர், அதை மட்டும் என்னால மொழிபெயர்க்க ஏலா, மானம் போயிரும்" என்று சரீப் மறுத்துவிட்டார்.

பிறகு அம்மையார் சொன்னார். அந்தக் கிண்ணம் அவருடைய தகப்பனாரின் உயிர். அவர் போன வருடம் காலமானார். கிண்ணத்தை நகரத்து நூதனசாலைக்குக் கொடுத்துவிடவேண்டும் என்பது அவர் கடைசி விருப்பம். திங்கட்கிழமை ஆட்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். அதன்பின் அது கண்ணாடிக்குள் இருக்கும். எல்லோரும் பார்க்கலாம், ஒருவரும் குடிக்க முடியாது. "நானூறு ஆண்டு மனித உதடு பட்ட கிண்ணம். கடைசி உதடு, இந்தக் கிண்ணத்தைப் போலவே கடல் கடந்து வந்த ஒருவருடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்" என்றார். பக்கத்தில் ஒரு பழைய ஏடு இருந்தது. அவருடைய பூட்டனார் காலம் தொட்டு அந்தக் கிண்ணத்தில் குடித்த விருந்தாளிகளின் பெயரெல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரேயொரு வரி வெறுமையாக இருந்தது. அந்த வரி எனக்கு!

தேநீர் வந்தது. பச்சை நிறம். கூழ் மாதிரித் தடிப்பம். ஒரே கிண்ணம். முதல் விருந்தாளி குடித்து, விளிம்பைத் துடைத்து, அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? இவ்வளவு புனிதமான கிண்ணத்தை நான் எச்சில் பண்ணலாமா என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள்? உதடு படாமல் குடிப்பதற்கென்றே மூக்கு வைத்து மூக்குப்பேணி வார்த்த மக்கள் அல்லவா நாம்? நானூறு ஆண்டுக் கிண்ணத்தை இரு கையாலும் தூக்கினேன். நெற்றிக்கு மேலே தூக்கினேன். அண்ணாந்தேன்!

அம்மையார் "ஆ" என்றார். சரீப் "யா அல்லாஹ்" என்றார். பார்க்க எடுத்தால் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயர்த்தாத கிண்ணம், கூரையைப் பார்த்துக்கொண்டு என் கையில் நிற்கிறது! தேநீரோ வரவில்லை. கூழல்லவா? இன்னும் கொஞ்சம் சரித்தேன். வந்தது சபையோரே, மொத்தமாக வந்தது! மூக்கில் வந்தது, நாடியில் வந்தது, திருவிழாவுக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலையில் வந்தது. தாய்மார் நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அங்கே யாரும் சிரிக்கவில்லை. அம்மையார் கிண்ணத்தை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, பாயில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

"டீச்சர், என்ன வேல செஞ்சீங்க? வாய வெச்சிக் குடிக்கிறதுதான் இஞ்ச மரியாத! நீங்க அருவருத்துட்டீங்கண்டு அவ நினைக்கிறா!"

"முதலே சொல்லியிருக்கலாமே சரீப்!"

"வாய வெச்சிக் குடிங்கண்டு ஆரும் ஆருக்கும் சொல்லுவாங்களா டீச்சர்? நாங்க ஒரு சஹன்ல ஆறு பேர் கையப் போட்டுத் திங்கிற ஆக்கள். எனக்கு இது மனசிலயே வரல்லையே!"

நான் விளக்கம் சொன்னேன். எங்கள் நாட்டில் உயர்ந்த பொருளை எச்சில் பண்ணமாட்டோம், அது மரியாதை என்றேன். அழகான பதில். அழகான பதில்கள் எனக்கு நன்றாக வரும், மேடையில் பேசுகிறவள் அல்லவா! ஆனால் எச்சில் என்ற சொல்லுக்குச் சரீப் எங்கே போவார்? தலையைச் சொறிந்து, "உமிழ்நீர்" என்று மொழிபெயர்த்துவிட்டார். அம்மையார் நிமிர்ந்தார். "உமிழ்நீரா? நான் பல் வைத்தியர். இருபத்தைந்து வருடமாக மற்றவர்களின் உமிழ்நீருக்குள் கையை விட்டுத்தான் சோறு சாப்பிடுகிறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் கொஞ்சம் வந்தது.

அதன்பின் மிகச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "அப்படியென்றால் உங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் தேநீர் குடிப்பீர்களா?"

இல்லை என்றேன். நாங்கள் உதடு வைத்துத்தான் குடிப்போம்.

"யாருமே இப்படிக் குடிப்பதில்லையா?"

ஒருவர் குடிப்பார் என்றேன். சொல்லிவிட்டுத்தான், நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

அந்த ஒருவரின் பெயர் கோணாமலை. எங்கள் வளவில் தேங்காய் பறிக்க வருபவர். எனக்கு அண்ணன் வயது. அவர் கதையைச் சொல்ல அவரிடமே அனுமதி கேட்டேன். "சொல்லுங்க ரீச்சர். ஆனா மேடையில ஏத்தி மாலை கீலை போட்டுராதீங்க, எனக்கு வேலை இரிக்கி" என்றார். அவர் வார்த்தைக்குக் கட்டுப்பட்டுச் சொல்கிறேன்.

என் அப்பா பெருமையாகச் சொல்வார், "எங்கட வீட்டில தனிப் பேணி இல்ல. நாங்க குடிக்கிற கோப்பையிலதான் எல்லாருக்கும்" என்று. உண்மைதான். மற்ற வீடுகளில் அவருக்கென்று வேறு பாத்திரம் இருந்தது. எங்கள் வீட்டில் எங்கள் கோப்பையிலேயே கொடுத்தோம். அவர் என்ன செய்வார்? வாங்கி, மதிலில் வைப்பார். ஆறட்டும் என்று காத்திருப்பார். ஆவி போய், ஆடை படிந்து, பச்சைத்தண்ணீர் போல ஆனபின் அண்ணாந்து ஊற்றுவார். சூடான தேத்தண்ணியை அண்ணாந்து குடிக்க முடியுமா சபையோரே? யார் அவருக்கு அப்படிச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. வாயை வைத்துக் குடியுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. முப்பது ஆண்டு பார்த்தேன். அதை மரியாதை என்று நினைத்தேன்.

இதை அந்தச் சின்ன அறையில் சொன்னேன். சரீப் மொழிபெயர்த்தார். நான் முடித்ததும் அம்மையார் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதைச் செய்த குயவர், அந்தக் காலத்து அவர் நாட்டில் தாழ்ந்தவராக எண்ணப்பட்டவர் என்பார்கள். அவர் ஒருநாள் எங்கள் வாசலுக்கு வந்து நின்றிருந்தால், என் முன்னோர் இந்தக் கிண்ணத்திலேயே அவருக்குத் தேநீர் கொடுத்திருப்பார்களா? எனக்குத் தெரியாது. கொடுத்திருக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்."

நான் அவரைத் தேற்றவில்லை. அவரும் என்னைத் தேற்றவில்லை. கிண்ணத்தைக் கழுவினார், மறுபடி தேநீர் கலந்தார். வழக்கத்தை மீறி, முதலில் தானே குடித்தார். தான் உதடு வைத்த பக்கத்தைத் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

வைத்தேன் சபையோரே! அந்த விளிம்பில் என் உதட்டை வைத்தேன்! வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பக்கம் தாழ்ந்த வட்டம் என்றேனே, அந்தத் தாழ்வு என் கீழுதட்டுக்கென்றே செய்தது போல் பொருந்தியது. எத்தனை பேர் உதடு வைத்த இடம்! போருக்குப் போனவன் வைத்திருப்பான். பிள்ளை பெற்றவள் வைத்திருப்பாள். பகைவர் இருவர் ஒரே விளிம்பில் வைத்திருப்பார்கள். கோயில் வாசலில் நான் கண்ணீர் விட்டதுண்டு. ஒரு பாத்திரத்தின் முன்னால் அன்றுதான் விட்டேன். கசப்பு, பிறகு ஒரு இனிப்பு. அவரும் கடல் கடந்து வந்தவர்தானே, மிச்சத்தைச் சரீப்பிடம் கொடுத்தேன். மனுஷன் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அந்த ஏட்டின் கடைசி வரியில் என் பெயரைத் தமிழிலேயே எழுதினேன்.

ஊர் வந்தேன். அடுத்த கிழமை கோணாமலை அண்ணன் வந்தார். நான் ஆர்ப்பாட்டமாகத் தேத்தண்ணி ஊற்றி, "வாயை வைச்சுச் சூடாக் குடியுங்க அண்ணன்" என்றேன். அவர் பயந்துவிட்டார். "இப்ப என்ன ரீச்சர் புதுசா? பழக்கமில்ல" என்று மதிலில் வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மறுபடியும் அவருக்குக் கட்டளைதான் போட்டேன். அந்த ஜப்பானிய அம்மையார் எனக்குக் கட்டளை போடவில்லையே! முதலில் தான் அல்லவா குடித்தார்!

அந்தப் பின்னேரமே அவர் வீட்டுக்குப் போனேன். முப்பது ஆண்டில் முதல் தடவை. அவர் மனைவி கண்ணகை அக்கா கதிரையைத் துடைத்துப் போட்டார். மகனைக் கடைக்கு அனுப்பப் போனார். எதற்கு? உங்களுக்குத் தெரியும் எதற்கென்று. மூடி திறக்காத சோடா வாங்க! தங்கள் வீட்டுப் பாத்திரத்தில் நான் குடிக்கமாட்டேன் என்று, நான் சொல்லாமலே அவர்களுக்குத் தெரியும். "சோடா வேணாம் அக்கா, நீங்க குடிக்கிற தேத்தண்ணி தாங்க" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேத்தண்ணி வந்தது. இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி. வாயை வைத்துக் குடித்தேன். "நல்ல ருசி அக்கா" என்றேன்.

கோணாமலை அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "உங்கட வீட்டுத் தேத்தண்ணியும் நல்லமெண்டுதான் சொல்லுறாங்க ரீச்சர். எனக்குத் தெரியா. தொண்டைக்குள்ள ஊத்தினா ருசி தெரியாதே."

கேட்டீர்களா சபையோரே? முப்பது ஆண்டு! எத்தனை கோப்பை! கொடுத்தோம் என்று நாங்கள் பெருமைப்பட்ட கோப்பைகள்! ஒன்றின் ருசிகூட அவர் நாக்குக்குத் தெரியாது! பெயர் தெரியாத குயவரின் கிண்ணத்தைப் பட்டிலே பொதிந்து பெட்டியிலே வைத்துப் போற்றுகிறது ஒரு நாடு. பெயர் தெரிந்த மனிதரை, பக்கத்து ஒழுங்கையில் வாழும் மனிதரை, முப்பது ஆண்டு மதிலோரம் நிறுத்தியது என் வீடு! எது அதிசயம்? அந்தக் கிண்ணமா? இல்லை, இவ்வளவு காலமும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தாரே, அந்த மனிதரா?

அதன்பின் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் போவேன், குடிப்பேன், வருவேன். நாலு மாதம் போயிற்று. போன செவ்வாய்க்கிழமை தேங்காய் பறித்துவிட்டு இறங்கினார். தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கினார். மதிலைப் பார்த்தார். பிறகு குசினிப் படியில் அமர்ந்தார். ஆவி பறக்கப் பறக்க, ஊதி, உதட்டை வைத்து, ஒரு மிடறு குடித்தார்.

நான் மூச்சுவிடாமல் நின்று கேட்டேன், "எப்படி அண்ணன்?"

வாய்க்குள் வைத்து நிதானமாகச் சுவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சீனி கூடிப்போச்சு ரீச்சர்."

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. பின்னால் வாசகர் வட்டத்தார் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள், எல்லோரும் சூடாகவே குடியுங்கள். போய்வருகிறேன், வணக்கம்.